சந்தா இல்லாத காப்புறுதி: அரசாங்க ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் பன்னிரண்டு மாதங்கள்

அம்மாவின் கிளினிக் கொப்பி கடந்த மாதத்தோடு நிரம்பிவிட்டது. பழுப்புக் கடதாசியால் உறை போட்டு, மழைக்குப் பயந்து அதன்மேல் பொலித்தீனும் சுற்றிய கொப்பி அது. அதன் கடைசிப் பன்னிரண்டு மாதங்களுக்கும் நான் இன்னொரு கொப்பியில் கணக்கு எழுதி வந்தேன். கூட்டுறவுக் கடையொன்றில் 27 ஆண்டுகள் கணக்கெழுதிய கை இது. சில்லறை எங்கே போகிறது என்று பார்க்காவிட்டால் அதற்கு உறக்கம் வராது. இரண்டு கொப்பிகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

மதிப்பிடப்படும் சேவை, இலங்கை மலையகத்தில் உள்ள ஓர் ஆதார வைத்தியசாலையில் நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் மாதந்தோறும் நடக்கும் கிளினிக். வைத்தியசாலையின் பெயரை எழுதப்போவதில்லை. அங்கே வேலை செய்கிறவர்கள் இருப்பதை வைத்து ஓட்டுகிறவர்கள். நான் சொல்லப்போகும் குறைகளில் பெரும்பாலானவை அவர்கள் கையில் இல்லை. அம்மாவுக்கு வயது 76. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். ஆறு வகைக் குளிசைகள் குடிக்கிறார்.

இதைக் காப்புறுதி என்று நான் அழைப்பதற்குக் காரணம் உண்டு. நமது நாட்டில் முதியோருக்கென்று தனியாக ஓர் அரச சுகாதாரக் காப்புறுதி கிடையாது. அதன் இடத்தை இலவச வைத்தியசாலையே நிரப்புகிறது. சந்தா கட்டவில்லையே, இலவசமாகத்தானே கிடைக்கிறது, குறை சொல்லலாமா என்று வரிசையில் நிற்பவர்களே கேட்பதுண்டு. சந்தா கட்டியாயிற்று என்பதே எனது பதில். 2024 ஜனவரியிலிருந்து வற் வரி 18 வீதம். அம்மா வாங்கும் சவர்க்காரத்திலும் அது இருக்கிறது. அதற்கும் முன்னால், அவர் கூடை கூடையாக நிறுத்துக் கொடுத்த கொழுந்து தேயிலையாகி நாட்டுக்கு அந்நியச் செலாவணி கொண்டுவந்தது. தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கென்று 1912 இலேயே தனியாகக் கட்டளைச் சட்டம் இருந்தும், தோட்டத்து டிஸ்பென்சரிதான் நெடுங்காலமாக எங்களுக்கு ஆஸ்பத்திரி. தோட்ட வைத்தியசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கும் வேலை தொண்ணூறுகளில்தான் தொடங்கியது. ஆகவே கிளினிக் வரிசையில் நிற்கும் ஒரு தோட்டத்து முதியவர் தானம் வாங்க வந்தவர் அல்லர், நெடுநாள் சந்தாதாரர்.

வேறு வழிகள் இருக்கின்றனவா என்றும் பார்த்தேன். தனியார் காப்புறுதி நிறுவனங்கள் இரண்டில் விசாரித்தேன். 76 வயது, நீரிழிவு என்ற இரண்டு சொற்களோடு உரையாடல் முடிந்துவிட்டது. பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியர் அண்ணனுக்கு அக்ரஹார இருக்கிறது. 2006 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் நடத்தும் அந்தத் திட்டம் அரச ஊழியர்களுக்கும் ஓய்வூதியர்களுக்கும் உரியது. தோட்டத் தொழிலாளிக்கு ஓய்வூதியமே இல்லை. சேமலாப நிதியும் பணிக்கொடையும் கைக்கு வந்த ஆண்டே அக்காவின் கல்யாணத்துக்கும், லயம் என்ற எங்கள் தோட்டத்து வரிசை வீட்டின் கூரைத் தகரத்துக்கும் போய்விட்டன. ஊழியர் நம்பிக்கை நிதியத்தின் மருத்துவ உதவிகள் வேலையில் இருக்கும் உறுப்பினர்களுக்கானவை. தமிழ்நாட்டில் இருக்கும் சித்தப்பா, அங்கே 70 வயது கடந்த எல்லோருக்கும் வருமானம் பாராமல் ஆண்டுக்கு ஐந்து இலட்சம் இந்திய ரூபாவுக்குக் காப்புறுதி வந்துவிட்டதாகத் தொலைபேசியில் பெருமையாகச் சொன்னார். 2024 ஒக்டோபரில் ஆயுஷ்மான் பாரத் திட்டம் அப்படி விரிவாக்கப்பட்டது உண்மைதான். ஆனால் அது வைத்தியசாலையில் படுத்தால்தான் செல்லும். அம்மா இந்தப் பன்னிரண்டு மாதங்களில் ஒரு நாள்கூடப் படுக்கவில்லை. அவருடைய செலவு முழுவதும் காலையில் மூன்று, இரவில் மூன்று என்று விழுங்கும் குளிசைகளிலும் அவற்றைக் கொண்டுவரப் போகும் பாதையிலும்தான் இருக்கிறது. கட்டிலை மையமாக வைத்துக் கட்டப்பட்ட எந்தக் காப்புறுதிக்கும் இந்தச் செலவு கண்ணில் படுவதில்லை.

இனிக் கிளினிக் நாள். இலக்கம் எடுப்பதற்கு ஆறரை மணிக்குள் வாசலில் நிற்க வேண்டும். ஆகவே நாலரைக்கு எழுந்து, லயத்தடியிலிருந்து பிரதான வீதிவரையுள்ள நான்கு கிலோமீற்றர் குண்டும் குழியுமான பாதையை ஆட்டோவில் கடந்து, ஐந்தே கால் பஸ்ஸைப் பிடிக்கிறோம். ஜூன், ஜூலை மாதங்களில் அந்த நேரத்துக் குளிரும் தூறலும் எப்படி இருக்கும் என்று மலைநாட்டில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்க வேண்டிய நாளென்றால் நிலைமை இன்னும் மோசம். முந்தைய இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்ட நீரிழிவுக்காரர் இரத்தம் கொடுத்து முடிப்பதற்கு ஒன்பது மணியாகிவிடும். மார்ச் மாதத்தில் ஒரு நாள் அம்மாவுக்கு வியர்த்துக் கொட்டிக் கை நடுங்கத் தொடங்கியது. பின்னால் நின்ற ஓர் அக்கா தன் பையிலிருந்து சீனி முட்டாயை எடுத்து வாயில் போட்டுவிட்டார். சீனியைக் குறைக்க வந்த இடத்தில் சீனி இல்லாமல் விழப் பார்த்தார். அதன் பிறகு இரத்தம் கொடுக்கும் வரிசையில் 75 வயதைக் கடந்தவர்களை முன்னால் விடுமாறு தாதி ஒருவர் தாமாகவே ஏற்பாடு செய்தார். சட்டமோ சுற்றுநிருபமோ இல்லாமல், ஒரு ஆளின் நல்ல மனத்தால் மட்டும் நடக்கும் ஏற்பாடு அது. அவர் விடுமுறையில் இருந்த மாதத்தில் பழைய வரிசையே திரும்பவும் வந்துவிட்டது.

வைத்தியரோடு கிடைக்கும் நேரம் மூன்று அல்லது நான்கு நிமிடங்கள். குறை சொல்லமாட்டேன், ஒரு காலைப் பொழுதில் அவர் பார்க்கும் ஆட்களை எண்ணிப் பார்த்தால் அதற்கு மேல் நேரம் எங்கிருந்து வரும்? அந்த நான்கு நிமிடங்களில் அவர் கொப்பியின் முந்தைய பக்கங்களைப் புரட்டிப் பார்க்கிறார், காலணியைக் கழற்றச் சொல்லி விரலிடுக்குகளைப் பார்க்கிறார், அழுத்தம் ஏறியிருந்தால் காரணம் கேட்கிறார். மழையில் அட்டைக்கடியோடு நாற்பது ஆண்டு மலையேறிய கால்கள் அவை. உணர்வு குறைந்திருப்பதை முதலில் கண்டுபிடித்தது இந்தக் கிளினிக்தான். நகரத்தில் காசு கட்டிப் பார்த்த இரண்டு தடவைகளிலும் அம்மாவின் காலை ஒருவரும் பார்க்கவில்லை.

மொழியில்தான் இடறுகிறது. மருந்துப் பொதியில் எத்தனை வேளை, எத்தனை குளிசை என்பது சிங்களத்தில் எழுதப்படுகிறது. நான் கூடப் போவதால் எங்களுக்குப் பிரச்சினை இல்லை. தனியாக வரும் அம்மாயிமார் பொதிகளை மடியில் பரப்பி வைத்துக்கொண்டு, வாசிக்கத் தெரிந்த பிள்ளை யாராவது வருமா என்று வாங்கில் காத்திருப்பதை ஒவ்வொரு மாதமும் பார்க்கிறேன். ஒரு சூரியனும் ஒரு பிறையும் பொறித்த இரப்பர் முத்திரை இருந்தால் இந்தக் காத்திருப்பு தேவைப்படாது. மருந்து பிழைத்துப் போனால் அதன் செலவும் பின்னால் இதே வைத்தியசாலையின் வாட்டில்தான் வந்து விழும்.

இந்தச் சேவையின் பெறுமதி முழுவதும் மருந்து கொடுக்கும் யன்னலில் இருக்கிறது. ஒரு தடவை, ஆறு மருந்துகளையும் ஒரு மாதத்திற்கு வெளியே வாங்கினால் எவ்வளவு முடியும் என்று டவுனில் விலை கேட்டேன்: 7,400 ரூபா. ஆண்டுக்கு 88,800. வைத்தியரைப் பார்க்கும் கட்டணத்தை இதில் சேர்க்கவில்லை. அரசின் நலன்புரித் திட்டமான அஸ்வெசும ஊடாக அம்மாவுக்குக் கிடைக்கும் முதியோர் கொடுப்பனவு, 2025 வரவு செலவுத் திட்டத்தில் 3,000 இலிருந்து உயர்த்தப்பட்ட பிறகும், மாதம் 5,000 ரூபாதான். அதாவது வெளியே வாங்குவதென்றால், கொடுப்பனவு முழுவதையும் மருந்துக் கடையில் வைத்த பிறகும் மாதம் 2,400 ரூபா துண்டு விழும். கிளினிக் இல்லையென்றால் அம்மா ஆறு குளிசைகளில் இரண்டைத்தான் குடித்துக்கொண்டிருப்பார்.

இவ்வளவு மருந்தை அரசாங்கத்தால் எப்படிக் கொடுக்க முடிகிறது என்பது தெரிந்தால்தான் இந்தச் சேவையைச் சரியாக மதிப்பிடலாம். இதன் வேர் நமது மலைநாட்டுப் பக்கத்திலேயே இருக்கிறது. பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாக இருந்த பேராசிரியர் சேனக பிபிலே, வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் சேர்ந்து எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு திட்டத்தை வகுத்தார். நாட்டுக்குள் வந்துகொண்டிருந்த சுமார் 2,100 மருந்துகளை ஏறக்குறைய 600 ஆகக் குறைப்பது, கம்பனிப் பெயரை விட்டுவிட்டு மருந்தின் சொந்தப் பெயரில் வாங்குவது, உலகச் சந்தையில் கேள்விப்பத்திரம் கோரி நாடு முழுவதற்கும் ஒரே கையால் வாங்குவது என்பனவே அதன் சாரம். அதற்காகவே 1971 இல் அரச மருந்துக் கூட்டுத்தாபனம் உருவானது. முதல் தலைவர் அவர்தான். கடைக்காரன் பாஷையில் சொன்னால், ஒவ்வொரு வீடும் தனித்தனியாகச் சில்லறையில் வாங்குவதை நிறுத்திவிட்டு, ஊர் முழுவதற்கும் மூடையாக வாங்கிப் பிரித்துக்கொள்வது. கூட்டுறவில் 27 ஆண்டு இருந்தவனுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. 1977 இல் பிபிலே கயானாவில் காலமானார். அதே ஆண்டில் திறந்த பொருளாதாரம் வந்து, இறக்குமதியில் கூட்டுத்தாபனத்துக்கு இருந்த தனியுரிமையும் தளர்ந்தது. ஆனால் அரச வைத்தியசாலைகளுக்கு மொத்தமாக வாங்கும் வழக்கம் நிலைத்தது. அம்மாவின் நீரிழிவுக் குளிசையான மெற்போமின் இன்றும் அந்த வழியில்தான் வருகிறது.

முதியோருக்கான அரச காப்புறுதியின் செலவை எப்படிக் கட்டுப்படுத்துவது என்று உலகம் இன்றும் மண்டையை உடைத்துக்கொண்டிருப்பதால், ஓர் ஒப்பீட்டைச் சொல்லாமல் போக முடியவில்லை. அமெரிக்காவில் 65 வயது கடந்தவர்களுக்கான மெடிக்கெயார் 1965 இல் சட்டமானது. குளிசைச் செலவை ஏற்கும் பகுதி அதற்குள் நடைமுறைக்கு வர 2006 ஆகிவிட்டது. அந்தப் பகுதியை உருவாக்கிய 2003 ஆம் ஆண்டுச் சட்டமே, மருந்துக் கம்பனிகளோடு அரசாங்கம் விலை பேசக்கூடாது என்றும் எழுதிவைத்தது. கோடிக்கணக்கானோருக்காக வாங்குபவர் பேரம் பேசக்கூடாது என்று ஒரு சட்டம்! 2022 இல் வந்த புதிய சட்டம்தான் அதை மாற்றியது. பேசி முடித்த முதல் பத்து மருந்துகளின் விலை 2026 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அவற்றுள் நீரிழிவு மருந்துகளும் இருக்கின்றன. இன்சுலினுக்கு மாதம் 35 டொலருக்கு மேல் முதியவரிடம் வாங்கக்கூடாது என்பது 2023 இலும், மருந்துக்காக ஒருவர் தன் கையிலிருந்து கொடுப்பது ஆண்டுக்கு 2,000 டொலரைத் தாண்டக்கூடாது என்பது 2025 இலும் வந்தன. அவ்வளவு பணமுள்ள நாடு அரை நூற்றாண்டு கழித்து வந்துசேர்ந்த இடத்துக்கு, பேராதனையிலிருந்து ஒருவர் 1971 இலேயே வழி சொல்லிவிட்டார். இதைப் பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை.

மலிவு மட்டும் போதாது என்பதையும் நாடு பட்டுத் தெரிந்துகொண்டது. 2022 நெருக்கடியில் டொலர் இல்லாமற் போனபோது, மருந்தில் பெரும்பகுதியை இறக்குமதி செய்யும் நமக்கு யன்னல் வெறுமையானது. அந்த ஆண்டின் மார்ச்சில் 29 வீதமும் ஏப்ரல் முடிவில் பல மருந்துகளுக்கு 40 வீதமும் விலை உச்சவரம்பை உயர்த்த வேண்டியதாயிற்று. 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த ஒளடத ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் ஊடாக, 2016 ஒக்டோபரில் 48 மருந்துகளுக்கு உச்ச விலை விதித்தபோது எங்களுக்குக் கிடைத்த ஆறுதல் அந்த இரண்டு மாதங்களில் கரைந்துபோனது. 2023 இல் தரமற்ற இம்யூனோகுளோபுலின் விவகாரம் வந்த பிறகு, பொதியைக் கையில் வாங்கியதும் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் வரிசையில் பலருக்கும் வந்துவிட்டது. என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாதவர்களும் திருப்பிப் பார்க்கிறார்கள்.

இப்போது என் கணக்குக் கொப்பி. பன்னிரண்டு மாதங்களில் பன்னிரண்டு தடவை போயிருக்க வேண்டும். நாங்கள் போனது இருபது தடவை. மேலதிகமான எட்டில் மூன்று, இரத்தப் பரிசோதனைக்கு வேறு நாள் கொடுத்ததால். மற்ற ஐந்தும், மருந்து இருப்புக் குறைவு என்று பதினான்கு நாட்களுக்கு மட்டும் கொடுத்து, மீதியை இரண்டு கிழமை கழித்து வந்து வாங்கச் சொன்னதால். ஒரு பயணத்துக்கு ஆட்டோ போகவர 800 ரூபா, இரண்டு பேருக்குப் பஸ் 288, தேநீரும் சாப்பாடும் ஏறக்குறைய 350. மொத்தம் 1,440 அளவில் வரும். இருபது பயணங்களுக்கு 28,800. வைத்தியசாலையில் இல்லாமல் வெளியே வாங்கிய மருந்துக்கு 9,650. வெளியே செய்யச் சொன்ன பரிசோதனைகளுக்கு 8,200. கூட்டினால் 46,650 ரூபா. அம்மாவின் ஆண்டுக் கொடுப்பனவான 60,000 இல் நான்கில் மூன்று பங்கைவிட இது சற்று அதிகம். அதில் பயணச் செலவு மட்டும் மருந்தும் பரிசோதனையும் சேர்ந்த தொகையைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேல். என்னுடைய நாட்களுக்கு நான் விலை போடவில்லை. கூடப் போகும் பிள்ளை கொழுந்து எடுப்பவராக இருந்தால் 2025 இல் இருந்த 1,350 ரூபா அடிப்படைச் சம்பளத்தில் இருபது நாள் பேர், அதாவது நாட்சம்பளம், இல்லாமற் போயிருக்கும், அது 27,000.

அரை மாத மருந்து என்ற இந்த ஒரு விடயத்தில் சற்று நிற்க வேண்டும். செப்டெம்பரில் அப்படிக் குறைந்தது மெற்போமின் மட்டும்தான். பதினான்கு நாளுக்கான அந்தக் குளிசைகளை வெளியே வாங்கினால் 340 ரூபா. மொத்தமாக வாங்கும் அரசாங்கத்துக்கு அதைவிட எவ்வளவோ குறைவாகத்தான் முடிந்திருக்கும். அதை வாங்க நாங்கள் 1,440 ரூபா செலவழித்துப் போகிறோம். வெளியிலேயே வாங்கிவிடுவோம் என்று அம்மாவிடம் சொன்னேன். "நாப்பது வருசம் மழையில நின்னவ நான். அரசாங்கம் குடுக்கிறத நான் ஏன்டா காசுக்கு வாங்கணும்?" என்று கேட்டார். கணக்கில் அவர் சொல்வது பிழை. நியாயத்தில் அவர் சொல்வதுதான் சரி. ஆகவே போனோம். வைத்தியசாலையின் ஏட்டில் அந்த மாதம் மருந்துப் பாவனை கட்டுக்குள் இருந்ததாகப் பதிவாகியிருக்கும். கட்டுக்குள் வந்தது ஒன்றுமில்லை. அரசாங்கத்தின் ஏட்டிலிருந்து என்னுடைய ஏட்டுக்கு மாறியது, மாறும்போது நான்கு மடங்காகவும் பெருகியது. இரண்டு கிழமைக்கு ஒருமுறை வரும் அதே ஆட்களால் வரிசையும் நீளமாகிறது; அதற்கான தாதியரின் நேரமும் செலவுதானே?

இரண்டாம் தடவை போகாதவர்களும் இருக்கிறார்கள். எங்கள் லயத்துக்கு மேல் லயத்தில் இருக்கும் பெரியம்மா ஒருவர், பதினான்கு நாள் குளிசையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் குடித்து மாதத்தை ஓட்டினார். சிக்கனம் என்று அவர் நினைத்தார். கார்த்திகை மாதத்தில் ஒரு காலைப் பொழுது வாய் கோணி, இடது கை விழுந்துவிட்டது. 1990 என்ற இலக்கத்தை அழைத்தார்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இந்த மலைப்பாதையிலும் இலவசமாக வந்தது. அதற்கு நன்றி சொல்ல வேண்டும். அதன் பின்னர் வாட்டில் பதினெட்டு நாள், தலையை ஸ்கேன் எடுக்க வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது, இன்றுவரை தொடரும் உடற்பயிற்சிச் சிகிச்சை எல்லாமே அரசாங்கச் செலவு. குளிசையை விட்டதுதான் காரணம் என்று அறுதியிட்டுக் கூற நான் வைத்தியன் அல்லன். ஆனால் அழுத்தத்துக்கான குளிசையை விட்டுவிட்டுக் குடிப்பது பாரிசவாதத்துக்கு வழி வைக்கும் என்று கிளினிக் சுவரிலேயே எழுதியிருக்கிறது. அதுவும் தமிழில் இல்லை.

வரிசையைக் குறைக்கச் சிறு கட்டணம் ஒன்றை வைத்தால் என்ன என்று அவ்வப்போது யாராவது சொல்கிறார்கள். அதையும் இந்த நாடு செய்து பார்த்துவிட்டது. 1971 இல் வெளிநோயாளர் பிரிவுக்கு 25 சதம் அறவிடத் தொடங்கியதும் வருவோர் தொகை சட்டென்று வீழ்ந்தது. 1977 இல் அதை நீக்கினார்கள். 25 சதத்துக்குப் பயந்து நின்றுவிட்டவர்கள் நோய் இல்லாதவர்கள் என்று எவர் சொல்வார்? ஜப்பான் 1973 இல் முதியோருக்கு மருத்துவத்தை இலவசமாக்கி, செலவு பெருகியதும் 1983 இல் சிறு தொகையொன்றை மீண்டும் விதித்தது. அங்கே முதியவர் கையில் ஓய்வூதியம் இருந்தது. இங்கே கட்டணம் ஏற்கெனவே இருக்கிறது. அதை வாங்குபவர் ஆட்டோக்காரத் தம்பியாக இருப்பதால் அது கட்டணம் என்று ஒருவருக்கும் தெரிவதில்லை. அவரையும் குறை சொல்ல முடியாது, அந்தப் பாதையில் ஓடும் டயர் எத்தனை மாதம் தாங்கும்?

செலவை உண்மையாகவே குறைக்கும் வழி ஏற்கெனவே ஒருமுறை நடந்துவிட்டது. 2020 ஊரடங்கின்போது கிளினிக் நோயாளர்களின் மருந்துகளைத் தபால் திணைக்களத்தின் ஊடாக வீடுகளுக்கு அனுப்பினார்கள். எங்கள் பொதியும் வந்தது. லயக் காம்பராக்களுக்குத் தனி முகவரி இல்லாததால் தோட்டத்து ஒபிசுக்கு வந்து, அங்கே நான்கு நாள் கிடந்து, பிறகு ஒரு கங்காணி கையில் வந்து சேர்ந்தது. ஆனாலும் வந்தது. சீனியும் அழுத்தமும் ஓர் ஆண்டாக நிலையாக இருப்பவர்களுக்கு, வைத்தியரைப் பார்ப்பது மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மருந்து மட்டும் மாதந்தோறும் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு என்று வைத்தால் போதும். டிஸ்பென்சரிக் கட்டடம் இருக்கிறது, அழுத்தம் பார்க்கத் தெரிந்த ஆள் இருக்கிறார், கொழுந்து லொறி தினமும் டவுன் பக்கம் போய்வருகிறது. அம்மாவைப் போன்றவருக்கு இருபது பயணம் நான்காகக் குறையும். என் கணக்கில் 23,040 ரூபா மிஞ்சும். அரசாங்கம் கொடுக்கப்போவது அதே குளிசைகளைத்தான். கிளினிக் தாதியிடம் இதைச் சொன்னேன். "நாங்களும் எழுதி அனுப்பியிருக்கோம் ஐயா" என்றார்.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு: சிகிச்சைக்கு ஐந்தில் நான்கு, மருந்தின் பெறுமதிக்கு நான்கரை, மொழிக்கு ஒன்று, வரிசைக்கு ஒன்றரை. ஆட்டோ வாசல்வரை வரக்கூடிய இடத்தில் வீடு இருந்தால் வரிசைக்கு இன்னும் ஒன்று சேர்த்துக்கொள்ளலாம். காசு இருக்கிறது, வெளியே பார்க்கலாம் என்று நினைப்பவர்களுக்கும் ஆண்டுக்கு இரண்டு முறையாவது இந்தக் கிளினிக்கில் கால்களைக் காட்டுமாறு சொல்வேன்.

புதிதாகப் போகிறவர்கள் அறிய வேண்டியவை சில. தேசிய அடையாள அட்டையோடு முதியோர் அடையாள அட்டையையும் கொண்டு போங்கள். 60 வயது முடிந்தவர்கள் பிரதேச செயலகத்தில் அதைப் பெறலாம், சில வாங்குகளில் அதைக் காட்டினால் இடம் விடுகிறார்கள். வெறும் வயிற்று நாளில் சீனி முட்டாயும் இரண்டு பிஸ்கட்டும் பையில் இருக்கட்டும். கொப்பியின் முதற் பக்கத்தில் மருந்துகளை அவற்றின் சொந்தப் பெயரில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வையுங்கள். வெளியே வாங்க நேர்ந்தால் அந்தப் பெயரைக் காட்டி விலை குறைந்ததைக் கேட்கலாம். கம்பனிப் பெயரைச் சொல்லிக் கேட்டு, அதே குளிசைக்கு இரட்டிப்பு விலை கொடுத்த மாதம் ஒன்று என் கணக்கிலும் இருக்கிறது.

அம்மாவுக்குப் புதிய கொப்பி வாங்கியாயிற்று. இந்த முறை 120 பக்கம். முதற் பக்கத்தில் ஆறு மருந்துகளையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரில் சூரியனையும் பிறையையும் நானே வரைந்திருக்கிறேன். அடுத்த திகதி மூன்றாம் செவ்வாய். ஆட்டோத் தம்பிக்குச் சொல்லிவிட்டேன்.